ஒர்தோனா: தோமையாரின் எலும்புகள் இருக்கும் இத்தாலியக் கடலோர ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இத்தாலிக்கு யாத்திரை போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ரோம், அசிசி, பதுவை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் ஒர்தோனா என்று ஓர் ஊர் இருக்கிறது, இயேசுவின் சீடர் தோமையாரின் எலும்புகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், சென்னை சாந்தோம் பங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட நம்ப யோசிக்கிறார்கள். அதன் பிறகு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கூடவே ஒன்று: தோமையாருக்காக மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டிய ஊர் இல்லை அது. 1943 டிசம்பரில் அந்த ஊர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்தக் கோயிலே புரியும்.

ஒர்தோனா எங்கே இருக்கு? ரோமுக்குப் பக்கமா, வெனிசுக்குப் பக்கமா?

இரண்டுக்கும் பக்கமில்லை. இத்தாலியின் கிழக்குப் பக்கம், அத்ரியாட்டிக் கடலோரம், அப்ருட்ஸோ மாநிலத்தின் கியேத்தி மாவட்டத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து மலைத்தொடரைத் தாண்டி நேர் கிழக்கே போனால் பெஸ்காரா என்ற நகரம் வரும். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஒர்தோனா. மக்கள்தொகை 22,000 சொச்சம்.

ஊர் கடலை ஒட்டி இருந்தாலும் கடல் மட்டத்தில் இல்லை. சுமார் 70 மீட்டர் உயர மேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கீழே துறைமுகம், மேலே வீடுகளும் கோயிலும். ரோமானியர் காலத்துக்கு முன்பே இந்தக் கரையில் வாழ்ந்த ஃபிரெந்தானி மக்களுக்கு இதுதான் துறைமுகம். இன்றைக்கும் அப்ருட்ஸோவின் முக்கியமான சரக்குத் துறைமுகம் இதுவே.

தோமையார் கல்லறை நம்ம சாந்தோம்லதானே இருக்கு? அப்புறம் இத்தாலியில என்ன இருக்கு?

கல்லறை, சாந்தோம் இருக்கும் மயிலாப்பூரில்தான். அதை ஒர்தோனாக்காரர்களும் மறுப்பதில்லை. கி.பி. 52-இல் தோமையார் கேரளக் கரையில் வந்திறங்கி, 72-இல் பறங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்து, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் மரபு. ஒர்தோனாவின் மரபு இதிலிருந்துதான் தொடங்குகிறது. அடக்கம் நடந்த இடம் மயிலாப்பூர், பின்னால் எடுத்துச் செல்லப்பட்ட எலும்புகள் இருப்பது ஒர்தோனா.

மயிலாப்பூரில் இப்போது கல்லறையும், ஒரு சிறு எலும்புத் துண்டும், ஈட்டிமுனையும் இருக்கின்றன. நாம் பார்க்கும் வெள்ளைக் கோயில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒர்தோனாவில் இருப்பது எலும்புகளின் பெரும்பகுதி. ஆகவே எது உண்மை, எது பொய் என்று இரண்டு ஊரையும் மோதவிடத் தேவையில்லை.

எலும்பு மயிலாப்பூர்லேருந்து நேரா இத்தாலிக்கா போச்சு? யார் கொண்டுபோனது?

நேராகப் போகவில்லை. நடுவில் ஆயிரம் ஆண்டுகளும் இரண்டு ஊர்களும் இருக்கின்றன. முதலில் எதெஸ்ஸா. இன்றைய துருக்கியின் ஷான்லூர்ஃபா நகரம் அது. மூன்றாம் நூற்றாண்டில் எலும்புகள் அங்கே போய்ச் சேர்ந்தன என்பார்கள். நான்காம் நூற்றாண்டில் அதே ஊரில் வாழ்ந்த புனித எபிரேம், ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்ததாகத் தன் சிரியாக் பாடல்களில் பாடியிருக்கிறார். 384 வாக்கில் எகேரியா என்ற பெண் யாத்திரீகர் எதெஸ்ஸாவுக்குப் போய்த் தோமையாரை வணங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அதாவது எதெஸ்ஸா வரைக்கும் பழைய சாட்சியம் வலுவாகவே இருக்கிறது.

1144-இல் எதெஸ்ஸா துருக்கிய ஆட்சியாளர் செங்கியின் படையிடம் விழுந்தது. அப்போது எலும்புகளை கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள் என்பது மரபு. அங்கே சுமார் நூறு ஆண்டுகள். பிறகு 1258-இல் ஒர்தோனாவைச் சேர்ந்த லெயோனே அச்சயுவோலி என்ற கப்பல் தலைவர் மூன்று போர்க்கப்பல்களோடு அந்தப் பக்கம் போனார். சிசிலி அரசர் மன்ஃபிரேடியின் கடற்படையோடு சேர்ந்து போன கப்பல்கள் அவை. திரும்பி வரும்போது தோமையாரின் எலும்புகளும் கூடவே வந்தன. ஒர்தோனாவில் இறங்கிய நாள் 1258 செப்டம்பர் 6.

அப்படின்னா திருடிட்டு வந்தாங்கன்னுதானே அர்த்தம்?

இந்தக் காலத்துக் கண்ணால் பார்த்தால் ஆமாம். போருக்குப் போன இடத்தில் ஒரு கோயிலுக்குள் நுழைந்து எடுத்து வந்ததுதான். ஊரில் சொல்லும் கதையில் வேறு மாதிரி வரும். லெயோனே அந்தக் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு கை அவரைக் கிட்டே வா என்று அழைத்ததாம். கல்லில் இருந்த துவாரத்துக்குள் கையை விட்டு ஓர் எலும்பை எடுத்துப் பார்த்தாராம். இரவில் கூட்டாளியோடு திரும்பி வந்து மிச்சத்தையும் எடுத்துக் கப்பலில் ஏற்றினாராம்.

புனிதர்களின் எலும்பைக் கொண்டுவருவது அந்த நூற்றாண்டுகளில் ஊருக்கு ஊர் நடந்த காரியம். வெனிஸ்காரர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து மாற்குவை எடுத்து வந்தார்கள். பாரி நகரத்தார் மீராவிலிருந்து நிக்கொலாசைக் கொண்டுவந்தார்கள். புனிதருக்கு விருப்பமில்லாவிட்டால் கப்பலே நகராது என்று நம்பிய காலம். ஒர்தோனாக்காரர்கள் ஒரு படி மேலே போய், எலும்பு தோமையாருடையதுதான் என்பதற்குச் சாட்சிகளை விசாரித்து 1259 செப்டம்பர் 22-இல் பாரி நகரில் முறையாக ஒரு ஆவணமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கதைக்கு ஒர்தோனா பக்கம் இருக்கும் ஆதாரங்களில் கனமானது அந்தத் தோல் ஏடுதான்.

கோயிலுக்குள்ள என்னென்ன பார்க்கலாம்? எலும்பை நேரா பார்க்க முடியுமா?

கோயிலின் பெயர் புனித தோமா பசிலிக்கா. பழைய ஊரின் நடுவில், கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது. உள்ளே போனதும் நேராகக் கீழே இறங்குங்கள். நிலவறைப் பீடத்தில் பொன்முலாம் பூசிய செம்புப் பேழை இருக்கிறது. எலும்புகள் அதற்குள்தான். பேழை மூடியே இருக்கும், எலும்பை நேரில் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். மண்டையோட்டுக்குத் தனியாக வெள்ளியில் செய்த மார்பளவு உருவம் உண்டு. அது வெளியே வருவது திருவிழாவில்.

அவசரமாகக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறிவிடாதீர்கள். கியோஸ் தீவிலிருந்து எலும்புகளோடு வந்த கல்லறைக் கல்லும் அங்கேயே இருக்கிறது. பாதி உருவமாக ஒரு முகம், ஆசீர்வதிக்கும் கை, பக்கத்தில் புனித தோமா என்று கிரேக்க எழுத்து. பேழை பிற்காலத்தில் செய்தது. கோயில் மறுபடி மறுபடி கட்டியது. கப்பலில் வந்த பொருள்களில் நாம் கண்ணால் பார்க்கக்கூடியது அந்த ஒரு கல்தான்.

உடை விஷயம்: தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும். மதியம் இத்தாலியில் பல கோயில்களைச் சாத்திவிடுவார்கள். காலையிலோ மாலையிலோ போவது நல்லது.

திருவிழா ஜூலை 3-ஆ?

ஜூலை 3 உலகம் முழுக்கத் தோமையார் நாள். ஒர்தோனாவின் பெரிய விழா அதுவல்ல. அங்கே மே மாதத்தின் முதல் ஞாயிறைச் சுற்றி நடப்பதுதான் ஊரே கூடும் விழா. பெர்தோனோ, அதாவது பாவமன்னிப்பு விழா. அந்த நாளில் பசிலிக்காவுக்கு வருபவர்களுக்குத் திருத்தந்தை அளித்த பரிபூரண பலனை (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) ஒட்டி வந்த பெயர்.

அதில் தவறவிடக் கூடாதது வெள்ளிச் சாவி ஊர்வலம். பழைய கால உடை அணிந்தவர்கள் முன்னே நடக்க, மேயர் வெள்ளிச் சாவிகளோடு பசிலிக்காவுக்கு வருவார். தோமையாரின் வெள்ளி உருவம் வைத்திருக்கும் இடத்தைத் திறக்கும் சாவி அது. ஊரின் காவலனைப் பூட்டி வைப்பதிலும் திறப்பதிலும் பங்குச்சாமிக்கு மட்டுமல்ல, ஊராருக்கும் உரிமை உண்டு என்று வருஷா வருஷம் தெருவில் நடந்து காட்டுகிறார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த வழக்கம் இது. செப்டம்பர் 6, எலும்புகள் வந்திறங்கிய நாள், அதையும் நினைவுகூர்வார்கள். ஆனால் போக ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரொம்பப் பழைய கோயில்னு சொன்னீங்க. போட்டோல பார்த்தா புதுசா இருக்கே?

இரண்டு முறை அழிந்த கோயில் அது. முதல் முறை 1566 ஆகஸ்டில். பியாலே பாஷாவின் ஒட்டோமன் கடற்படை இந்தக் கரையைத் தாக்கியபோது ஒர்தோனாவையும் கோயிலையும் எரித்தது. எலும்புகள் தப்பின. பிறகு கட்டினார்கள்.

இரண்டாவது முறை 1943 டிசம்பர் 21. தோமையாரின் விழா அந்தக் காலத்து நாள்காட்டியில் டிசம்பர் 21-இல்தான் இருந்தது. ஊரைக் காத்து நின்ற ஜெர்மன் படை கோயிலை ஒட்டி இருந்த கோபுரத்துக்கு வெடி வைத்தது. கோபுரம் கோயில்மேல் சாய்ந்து குவிமாடம் பிளந்தது. அன்றைய படங்களில் பாதிக் குவிமாடம் திறந்த வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதையும் கட்டினார்கள், 1949 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். நீங்கள் போட்டோவில் பார்ப்பது அந்தக் கட்டடம். உடைந்த பழைய வாசலின் செதுக்குக் கற்களைப் பொறுக்கி எடுத்துத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள், பக்கவாட்டு வாசலில் நின்று பாருங்கள்.

அவ்வளவு சின்ன ஊர்ல ஏன் அவ்வளவு பெரிய சண்டை?

1943 கடைசியில் நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து இத்தாலிக்குள் ஏறி வந்துகொண்டிருந்தன. கிழக்குக் கரையில் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் எட்டாம் படை சாங்க்ரோ ஆற்றைத் தாண்டி, அடுத்து மோரோ ஆற்றைத் தாண்டி, பெஸ்காராவைப் பிடித்து, அங்கிருந்து மேற்கே திரும்பி ரோமுக்குப் போகலாம் என்று திட்டமிட்டது. வழியில் இருந்த துறைமுகம் ஒர்தோனா. முதலாம் கனேடியப் பிரிவு ஊருக்குள் நுழைந்தபோது எதிரே இருந்தது ஜெர்மனியின் முதலாம் பாராசூட் பிரிவு. ஊரைச் சுற்றி ஒரு பக்கம் கடல் சரிவு, மற்ற பக்கங்களில் பள்ளத்தாக்கு. டாங்கி நுழைய நல்ல வழி தெற்கேதான். அந்தத் தெருவையும் சந்துகளையும் ஜெர்மானியர்கள் வீடுகளை இடித்துத் தள்ளி அடைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 20-இலிருந்து 28 வரை சண்டை. தெருவில் தலை காட்டினால் குண்டு. ஆகவே கனடாக்காரர்கள் தெருவையே விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டைப் பிடித்ததும் அடுத்த வீட்டோடு சேர்ந்திருக்கும் சுவரை மாடியில் வெடி வைத்துத் துளைப்பார்கள். புகை அடங்குவதற்குள் அந்த ஓட்டை வழியே பாய்ந்து, கையெறி குண்டு வீசி, மாடியிலிருந்து கீழே ஒவ்வோர் அறையாக இறங்குவார்கள். அப்புறம் அடுத்த சுவர். இப்படி வெளியே கால் வைக்காமலே ஒரு தெரு வரிசை முழுவதையும் கடந்தார்கள். பத்திரிகைகள் இதைக் குட்டி ஸ்டாலின்கிராட் என்று எழுதின. ஊருக்குள் சண்டையிடுவதைப் பற்றிப் பாடம் எடுக்கும் ராணுவப் பள்ளிகளில் ஒர்தோனா இன்னும் வருகிறது.

படைகளின் வீரத்தைப் பேசுபவர்கள் ஊர்க்காரர்களை மறந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். 1,300-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். நிலவறைகளிலும் ரயில் சுரங்கத்திலும் ஒளிந்து கிடந்தவர்கள் வெளியே வந்தபோது தெரு எது, வீடு எது என்று தெரியாத கல் குவியலாக இருந்தது ஊர். இந்தப் போரைப் பற்றி ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பசிலிக்காவுக்குப் போகுமுன் அங்கே போய்விட்டுப் போனால் மேலே சொன்ன குவிமாடத்தின் கதை தானாக விளங்கும்.

சண்டைக்கு நடுவுல கிறிஸ்துமஸ் விருந்து நடந்துச்சாமே, நிஜமா?

நிஜம். சீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் என்ற கனேடியப் படையணி டிசம்பர் 25 அன்று ஊரின் தெற்குப் பகுதியில் இருக்கும் சாந்தா மரியா தி கொஸ்தாந்தினோபோலி கோயிலுக்குள் மேசைகள் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, விருந்து வைத்தது. சூப், பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கிறிஸ்துமஸ் புட்டிங், ஆளுக்கு ஒரு பாட்டில் பீர். ஆர்கன் வாசித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். சண்டை சில தெருக்கள் தள்ளி நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கம்பெனியாக முறை வைத்துப் பின்வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த கம்பெனி வருவதற்காகத் திரும்பச் சண்டைக்குப் போனார்கள். அங்கே சாப்பிட்டவர்களில் சிலருக்கு அதுவே கடைசிச் சாப்பாடு.

கோயில் இன்னும் இருக்கிறது. 1998 கிறிஸ்துமஸுக்கு, அதே ஊரில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட கனேடிய, ஜெர்மன் முதியவர்கள் ஒர்தோனாவுக்கே திரும்பி வந்து ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கனடாக்காரங்க கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயா?

ஊருக்குத் தெற்கே, சான் தோனாத்தோ கோயிலருகே, கடலைப் பார்த்த மேட்டில். மோரோ ஆற்றுக் கனேடியப் போர்க் கல்லறை என்று பெயர். 1,615 கல்லறைகள், பெரும்பாலும் கனேடியர்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வரிசை வரிசையாக வெள்ளைக் கல். வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் மனசு கேட்காது. இருபது, இருபத்திரண்டு என்றே வரும்.

நம்ம இந்தியப் படையும் அங்க சண்டை போட்டதா கேள்விப்பட்டேன்...

ஆமாம். கனேடியப் பிரிவுக்கு இடப்பக்கத்தில் நின்றது எட்டாம் இந்தியப் பிரிவு. 1943 நவம்பரில் சாங்க்ரோ ஆற்றங்கரையில் கடும் சண்டை போட்டு மோஸ்ஸாக்ரோஞ்ஞா ஊரைப் பிடித்தது அந்தப் பிரிவு. அடுத்த மாதம் வில்லா கிராண்டே என்ற சிற்றூரில், ஒர்தோனாவில் நடந்த அதே நாட்களில், அதே மாதிரி வீட்டுக்கு வீடு சண்டை. மோரோ ஆற்றில் பாலம் கட்ட வேண்டிய இடத்தில் இந்தப் பக்கக் கரையில் வேலை செய்ய இடமே இல்லாததால், இந்தியப் பொறியாளர் படையினர் ஆற்றைக் கடந்து எதிரி இருந்த பக்கத்துக்குச் சாமான்களைக் கொண்டுபோய், அங்கிருந்து இந்தப் பக்கம் நோக்கிப் பாலத்தைத் தள்ளினார்கள். அதற்கு 'சாத்தியமே இல்லாத பாலம்' என்ற பொருளில் படையினர் ஒரு பெயரும் வைத்தார்கள்.

ஒர்தோனாவுக்குத் தெற்கே தொரீனோ தி சாங்க்ரோ ஊரில் சாங்க்ரோ ஆற்றுப் போர்க் கல்லறை இருக்கிறது. அதற்குள் தகன நினைவிடம் என்று தனியாக ஒன்று, தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் அதில். இந்தியாவிலிருந்து போகிறவர்களில் அங்கே நின்று ஒரு பூ வைப்பவர்கள் குறைவு. ஒர்தோனா வரை போகிறவர்கள் தயவுசெய்து அரை நாள் ஒதுக்கி அதையும் பாருங்கள்.

இத்தாலி ராஜா இந்த ஊர் வழியாத்தான் ஓடிப்போனாராமே?

ஆமாம், மேலே சொன்ன சண்டைக்கு மூன்று மாதம் முன்னால். 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்தது அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர்கள் ரோமைப் பிடிக்குமுன் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் குடும்பத்தோடு கிளம்பினார். பகலில் பக்கத்து க்ரெக்கியோ ஊர்க் கோட்டையில் தங்கி, நள்ளிரவு வாக்கில் ஒர்தோனாத் துறைமுகத்தில் பயோனெத்தா என்ற போர்க்கப்பலில் ஏறிப் பிரிந்திசிக்குப் போய்விட்டார். படைக்கு உத்தரவே இல்லாமல் விட்டுவிட்டுப் போனதை இத்தாலியர்கள் மன்னிக்கவில்லை. 1946 வாக்கெடுப்பில் முடியாட்சி போனதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

கோட்டை, அரண்மனை எல்லாம் பார்க்கிற மாதிரி இருக்குமா?

கோட்டை கட்டாயம். 1447-இல் வெனிஸ் கடற்படை துறைமுகத்தை அழித்தபின் அரகோன் அரசர்கள் கட்டியது. போரிலும் அதற்குப் பிறகு வந்த நிலச்சரிவிலும் ஒரு பகுதி போய்விட்டது, மிச்சத்தைச் சீர்செய்து திறந்திருக்கிறார்கள். பசிலிக்காவிலிருந்து கடலோர நடைபாதை வழியே கோட்டைக்குப் போங்கள். வலது கைப்பக்கம் முழுக்கக் கடல், கீழே துறைமுகம்.

ஃபர்னேஸே அரண்மனையின் கதை சுவையானது. ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் மகள் மார்கரெட், நெதர்லாந்தை ஆண்டவர், 1582-இல் இந்த ஊரையே விலைக்கு வாங்கினார். ரோமின் பெரிய கட்டடக் கலைஞர் ஜாக்கொமோ தெல்லா போர்த்தாவை வைத்து அரண்மனை கட்டத் தொடங்கி, அது முடியுமுன் 1586-இல் இங்கேயே இறந்தார். இப்போது அதற்குள் கஷெல்லா ஓவியக் குடும்பத்தின் படைப்புகள் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் மிக்கேலே கஷெல்லா பிறந்தது ஒர்தோனாவில்.

இசைப் பிரியர்களுக்கு: ஃபிரான்செஸ்கோ பாவுலோ தோஸ்தி 1846-இல் பிறந்த ஊர் இது. லண்டனில் அரச குடும்பத்துக்குப் பாட்டு வாத்தியாராக இருந்தவர். அவர் பெயரில் இசை ஆய்வு நிலையம் ஒன்று ஊரில் நடக்கிறது.

கடலுக்குள்ள மரக்கால் நட்டுப் பரண் மாதிரி ஒண்ணு போட்டோல வருதே, அது என்ன?

த்ரபொக்கோ. மீன்பிடி மேடை. கரைப் பாறையிலிருந்து கடலுக்குள் ஒல்லியான மரப்பாலம் போகும். அதன் முடிவில் கால்கள்மேல் ஒரு மேடை. மேடையிலிருந்து நீண்ட மரக்கைகள் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் பெரிய சதுர வலை தொங்கும். ராட்டினத்தைச் சுற்றி வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, மீன் மேலே வந்ததும் தூக்குவார்கள். படகே வேண்டாம், கடல் கொந்தளித்தாலும் மீன் பிடிக்கலாம். மரம் விறைப்பாக இல்லாமல் அலையோடு அசைந்து கொடுக்கும்படி கட்டியிருப்பார்கள், அதனால்தான் நிற்கிறது. அப்படியும் பெரும் புயலில் விழும், மறுபடி கட்டுவார்கள். இன்று பலவற்றை உணவகமாக்கிவிட்டார்கள். முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஒர்தோனாவிலிருந்து தெற்கே வாஸ்தோ பக்கம் வரை உள்ள கரைக்கே த்ரபொக்கோக் கரை என்றுதான் பெயர். கரையோரம் ஓடிய பழைய ரயில்பாதையை 2005-இல் உள்ளே தள்ளி அமைத்துவிட்டு, காலியான தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். கடலைத் தொட்டுக்கொண்டே போகும் பாதை, ஒரு பகுதியாவது ஓட்டிப் பாருங்கள். குளிக்க மணல் வேண்டுமென்றால் வடக்கே லீதோ ரிச்சியோ. கூழாங்கல் பரவாயில்லை, கூட்டம் வேண்டாம் என்றால் தெற்கே அக்குவபெல்லா பக்கம்.

சாப்பாடு எப்படி? மீன் குழம்பு கிடைக்குமா?

கிடைக்கும், ப்ரொதெத்தோ என்று கேளுங்கள். அன்றைக்கு வலையில் விழுந்த பலவகை மீனையும் தக்காளியோடு மண்சட்டியில் வேக வைப்பார்கள். மீன் உடையாமல் இருக்கக் கரண்டி போட மாட்டார்கள், சட்டியை மட்டும் ஆட்டுவார்கள். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். காரம் நம் அளவுக்கு இருக்காது. சைவக்காரர்கள் 'பல்லொத்தே காச்சே ஏ ஓவே' கேட்கலாம், பாலாடைக்கட்டியும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து உருட்டித் தக்காளிச் சாற்றில் போட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒர்தோனாவுக்கே உரிய இனிப்பு நேவொலே. காய்ச்சிய திராட்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், மாவு, பட்டை, ஆரஞ்சுத் தோல் சேர்த்துப் பிசைந்து, சூடான இரும்பு அச்சுக்கு நடுவே அழுத்தி, எடுத்த சூட்டோடு ஐஸ்கிரீம் கோன் மாதிரி சுருட்டுவார்கள். கடைகளில் எல்லா நாளும் இருக்காது, கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள்.

ரோம்லேருந்து ஒரே நாள்ல போய்ட்டு வந்துரலாமா அண்ணா?

பசிலிக்கா மட்டும் போதும் என்றால் முடியும், ஆனால் அலைச்சல். ரோமிலிருந்து பெஸ்காராவுக்குப் பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஒர்தோனா. இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். ஒரு நாள் கோயில், கோட்டை, போர் அருங்காட்சியகம். இன்னொரு நாள் இரண்டு போர்க் கல்லறைகளும் த்ரபொக்கோக் கரையும். நற்கருணைப் புதுமைக்குப் பெயர்பெற்ற லஞ்சானோவும் சுமார் 20 கிலோமீட்டரில் இருப்பதால் யாத்திரைக் குழுக்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நடக்கத் தெம்பிருப்பவர்களுக்கு ரோமிலிருந்து ஒர்தோனா வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தோமையார் நடைபாதையே உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் புனித பிரிஜித்தா ஒர்தோனாவுக்கு யாத்திரை வந்ததை ஒட்டி உருவாக்கியது.

1258-லயே எலும்பு போயிடுச்சுன்னா, அதுக்கப்புறம் வந்த மார்க்கோ போலோ உடல் இங்கேதான் இருக்குன்னு எப்படி எழுதினார்?

நல்ல கேள்வி. மார்க்கோ போலோ நம் கரைக்கு வந்தது 1290-களில். தோமையாரின் உடல் இங்கே ஒரு சிற்றூரில் இருப்பதாகவும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே வந்து வணங்குவதாகவும், அந்த மண்ணை எடுத்துப் போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். எலும்பு எதெஸ்ஸா போன சேதி மயிலாப்பூர் மக்களின் பக்தியைத் துளியும் அசைக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அவர் கேட்டதை எழுதினார், கல்லறையைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1523-இல். அவர்களுக்கும் உள்ளே எலும்புத் துண்டுகளும் ஈட்டிமுனையும் கிடைத்தன. எடுத்துச் சென்றவர்கள் முழுவதையும் எடுத்துச் செல்லவில்லை என்று கொண்டால் இரண்டு மரபும் சேர்ந்தே நிற்கும். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

கொடுங்கல்லூர்லயும் தோமையார் எலும்பு இருக்கே, அது எங்கேருந்து வந்தது?

ஒர்தோனாவிலிருந்துதான். 1953-இல் கர்தினால் யூஜின் திசெராங் ஒர்தோனாவின் எலும்புகளில் வலது கை எலும்பு ஒன்றைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தார். கொடுங்கல்லூர் அருகே அழிக்கோட்டில், தோமையார் வந்திறங்கியதாகச் சொல்லும் கரையிலேயே அதற்குக் கோயில் இருக்கிறது.

கடைசியா ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. அது நிஜமாவே தோமையார் எலும்புதானா?

கோபப்பட ஒன்றுமில்லை, இயேசு உயிர்த்ததையே சந்தேகித்த தோமையார் பெயரைச் சொல்லிக்கொண்டு சந்தேகம் கேட்காவிட்டால் எப்படி? 1980-களில் கியேத்தி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலும்புகளைப் பரிசோதித்து, வயது முதிர்ந்த ஓர் ஆணுடையவை என்றார்கள். அதற்கு மேல் எலும்பு பெயர் சொல்லாது. ஆவணங்களைப் பார்த்தால் எதெஸ்ஸாவில் நான்காம் நூற்றாண்டுச் சாட்சியம் நன்றாக இருக்கிறது, கியோஸிலிருந்து ஒர்தோனா வந்ததற்கு 1259 ஆவணம் இருக்கிறது. வலு குறைந்த கண்ணிகள் இரண்டு: மயிலாப்பூரிலிருந்து எதெஸ்ஸா போனது, எதெஸ்ஸாவிலிருந்து கியோஸ் போனது. அவை மரபின் பலத்தில்தான் நிற்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. தோமையாரின் மண்டையோடு தங்களிடம் இருப்பதாக கிரேக்கத்தின் பத்மோஸ் தீவு மடமும் சொல்கிறது. வெள்ளி உருவத்துக்குள் இருப்பது மண்டையோடு என்று ஒர்தோனா சொல்கிறது. இரண்டும் முழுசாக உண்மையாக இருக்க முடியாது.

இதை ஒர்தோனாவில் யாரிடமும் மறைக்கத் தேவையில்லை, கேட்டால் பேசுவார்கள். 1566-இல் எரிந்த கோயிலையும் 1943-இல் இடிந்த கோயிலையும் அந்தப் பேழையைச் சுற்றியே திரும்பக் கட்டிய ஊர் அது. நீங்கள் இந்தியாவிலிருந்து, அதுவும் மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு உங்களிடம் கேட்கக் கேள்விகள் இருக்கும்.